அணில் இல்லாத நாலரை மணி: ஒரு சிறுவர் நேரத்தின் பெயர் மாற்றம்

கொழும்பில் இயங்கும் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் 2016 கடைசியிலிருந்து 2017 நடுப்பகுதி வரை நடந்த விஷயம் இது. மாலை நேரச் சிறுவர் நிகழ்ச்சிகளை ஒன்றாகக் கட்டி ஒரே பெயரில் ஒளிபரப்பி வந்தோம். அந்தப் பெயரையும் முகத்தையும் மாற்றினோம். நாலு மாதத்துக்குள் அதில் பாதியைத் திரும்ப எடுத்தோம். நான் அப்போது நிகழ்ச்சிகளுக்கான முன்னோட்டங்களைச் செய்யும் புரோமோ பிரிவில் இருந்தேன். மாற்றத்துக்குச் சம்மதம் சொன்னவர்களில் நானும் ஒருவன். அலைவரிசையின் பெயரையும், ஆட்களின் பெயரையும், நிகழ்ச்சியின் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். சிறுவர் நிகழ்ச்சி செய்கிறவர்களுக்கு இது உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

பின்னணி

திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை. அலுவலகத்தில் இதைக் ‘கிட்ஸ் பெல்ட்’ என்போம். வீடுகளில் சும்மா ‘சிறுவர் நேரம்’. பாடசாலை ஒன்றரைக்கு விடும். வேனில் ஏறி நெரிசலில் வெள்ளவத்தைக்கோ மட்டக்குளிக்கோ வந்து சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டு முடிய மூன்று மணியாகும். அப்புறம் டியூஷன், அல்லது வீட்டுப்பாடம். நாலரைக்கும் ஆறுக்கும் இடையில்தான் கொழும்புப் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம். புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற தரம் ஐந்துப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்குவது இங்கே புதிதல்ல. தொலைக்காட்சி வருமுன்பே இலங்கை வானொலியில் ‘சிறுவர் மலர்’ இருந்தது. ‘வானொலி மாமா’ என்ற பெயரைக் கேட்டால் இன்றும் முகம் மலர்கிற மூத்தவர்கள் உண்டு. 1982 பெப்ரவரியில் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய பிறகு, சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த அங்கே கார்ட்டூன்களைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். பக்ஸ் பனி ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆனது, டொப் கெட் ‘பிஸ்ஸு பூஸா’ ஆனது. இரண்டும் இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பாத்திரங்கள் மாதிரியே கதைத்தன. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த நானும் அவற்றைச் சிங்களத்தில்தான் பார்த்தேன். அதற்கு இணையாக எங்கள் தமிழில் ஒரு கார்ட்டூனை என் சிறுவயதில் நான் பார்த்ததில்லை.

2007 ஏப்ரலில் சென்னையிலிருந்து சுட்டி டிவி வந்தது. டிஷ் பூட்டிய வீடுகளில் டோராவும் புஜ்ஜியும் பிள்ளைகளின் சொந்தக்காரர் போல ஆகிவிட்டார்கள். நாள் முழுக்கத் தமிழில் கார்ட்டூன் கிடைக்கும்போது, எங்கள் ஒன்றரை மணி நேரத்தை ஒரு பிள்ளை ஏன் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்வி எங்களிடம் எப்போதும் இருந்தது. ஆனால் பிள்ளைகள் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்பதை நாங்கள் சரியாக விசாரிக்கவே இல்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த ஒன்றரை மணி எப்படி ஓடியது

தமிழ்நாட்டில் டப்பிங் செய்து வாங்கிய இரண்டு கார்ட்டூன்கள், இடையில் உள்ளூரில் எடுத்த ஒரு கைவேலைத் துண்டு, ஒரு கதை. இவற்றில் எதுவும் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அதே கார்ட்டூனை வேறு அலைவரிசையிலும் பார்க்கலாம். எங்களுக்கென்று இருந்தது இடையில் வருகிற ‘லிங்க்’ மட்டும்தான்.

லிங்க் நேரடியாகப் போகும். ஓர் அக்கா, ஓர் அணில். அக்கா கொழும்புக்காரி. அணில் பழைய சேலைத் துணியில் தைத்த கைப்பொம்மை, வாலுக்குள் கம்பி. அதை ஆட்டிக் குரல் கொடுத்தவர் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர். அவருக்கு அது வேலையே அல்ல. ஒருநாள் ஆள் வராததால் பொம்மையைக் கையில் மாட்டியவர், அப்படியே தொடர்ந்துவிட்டார். அவருடைய பேச்சு மாறவில்லை. அக்காவை ‘என்னகா’ என்று அணில் கூப்பிடும், பையன்களை ‘மனே’ என்று சொல்லும். அக்கா கொழும்புத் தமிழில் திருத்துவார், அணில் ஒத்துக்கொள்ளாது. ஹட்டனிலிருந்து தொலைபேசி எடுத்த ஒரு சிறுமி தோட்டத்துத் தமிழில் ஒரு சொல்லைச் சொல்ல, அணில் அதற்கு அர்த்தம் கேட்டு, அந்தக் கிழமை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தது.

லிங்கில் நடந்தது இவ்வளவுதான்: பிறந்தநாள் பெயர்கள், வந்த ஓவியங்கள், இரண்டு தொலைபேசி அழைப்புகள், அன்றைய வானிலை. வானிலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் பின்னேரம் இடி மின்னல் வரும். சரியாக எங்கள் நேரத்தில். அப்போது அணில், “இடி முழங்குது, அம்மாட்டச் சொல்லி பிளக்கைக் கழட்டுங்கோ, நாளைக்குச் சந்திப்பம்” என்று சொல்லும். தன்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிற நிகழ்ச்சி. விற்பனைப் பிரிவுக்கு இதில் உடன்பாடில்லை. தாய்மார் அந்த அணிலை நம்பினார்கள்.

2016 இறுதி: ஏன் மாற்ற நினைத்தோம்

மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தன. அக்கா பிரசவ விடுமுறையில் போக இருந்தார். அனுசரணை செய்த பால்மா நிறுவனத்தின் ஒப்பந்தம் டிசம்பரில் முடிந்தது; புதுப்பிக்க வேண்டுமானால் ‘புதிய தோற்றம்’ வேண்டும் என்றார்கள். மூன்றாவது, எங்கள் கூச்சம். எச்டி கமராவில் அணிலின் தையல் தெரிந்தது. பக்கத்து அலைவரிசைகளின் கிராபிக்ஸ் பளபளத்தது. பொம்மையை வைத்துக்கொண்டு இருக்கிறோமே என்று எங்களில் சிலருக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது.

வெளியிலிருந்து ஒரு வடிவமைப்பாளர் வந்து, உலகத்தில் சிறுவர் அலைவரிசைகள் தங்கள் அடையாளத்தை எப்படி அமைத்தன என்று காட்டினார். நல்ல தயாரிப்பு, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் முதலில் காட்டியது நிக்கலோடியன். 1984இல், பார்வையாளர் எண்ணிக்கையில் மிகப் பின்தங்கியிருந்த அந்த அலைவரிசைக்கு ஃப்ரெட்/அலன் என்ற நிறுவனம் புது அடையாளம் அமைத்தது. நிறம் செம்மஞ்சள்தான், உருவம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் சிதறிய சாயம், ஒருநாள் எலும்புத்துண்டு. எல்லோருக்கும் பிடித்தது. அந்தக் கணத்திலேயே முடிவு பாதி எடுபட்டுவிட்டது.

நாங்கள் தவறாக வாசித்தது இங்கேதான். நிக்கலோடியன் ஒரு முழு அலைவரிசை. எந்த நேரம் திருப்பினாலும் அது அங்கே இருக்கும். அதைத் தாங்க ஒரு சின்னம் போதும். செய்தி, நாடகம், பக்தி நிகழ்ச்சி எல்லாம் ஓடுகிற ஓர் அலைவரிசைக்குள் ஒன்றரை மணி நேரத்தை மட்டும் பிள்ளைகளுக்கென்று பிரித்தெடுப்பது வேறு வேலை. அதற்குப் பொருத்தமான முன்மாதிரி அவருடைய கோப்பிலேயே பின்னால் இருந்தது. பிபிசி 1985 செப்டெம்பர் 9ஆம் திகதி மாலைச் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. அதுவரை பெரும்பாலும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கும். அன்றிலிருந்து ஃபிலிப் ஸ்கோஃபீல்ட் என்ற இளம் அறிவிப்பாளர், அறிவிப்பாளருக்கான அந்தச் சின்ன அறைக்குள்ளேயே உட்கார்ந்து நேரடியாகக் கதைத்தார். அறை அவ்வளவு சிறியதாக இருந்ததால் ‘துடைப்ப அலுமாரி’ என்றே பெயர் வந்தது. பின்னால் கோர்டன் என்ற கைப்பொம்மை சேர்ந்தது. சுவரில் பிள்ளைகள் அனுப்பிய படங்கள். கிட்டத்தட்ட எங்களுடைய அக்காவும் அணிலும்தான்.

அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வேர்க் 1997 மார்ச்சில் தொடங்கிய ‘டூனாமி’யும் இதே வழியில்தான் போனது. வாங்கிய கார்ட்டூன்கள், நடுவில் ஒரு தொகுப்பாளர். முதலில் பழைய கார்ட்டூன் ஒன்றின் வில்லன் மொல்ட்டார், 1999இலிருந்து டொம் என்ற ரோபோ. டொம் கணினியில் செய்த உருவம் என்பதைப் பிடித்துக்கொண்டு, “பார், பொம்மை தேவையில்லை” என்றோம். அந்த ரோபோவுக்கென்று தொடர்ந்து எழுதினார்கள், அது பார்வையாளரிடம் கதைத்தது என்பதைக் கவனிக்கவில்லை.

ஜனவரி 2017

முதலாம் தவணையோடு புதிய தோற்றம் தொடங்கியது. பழைய தமிழ்ப் பெயர் போய், தமிழ் எழுத்தில் எழுதிய ஓர் ஆங்கிலச் சொல் வந்தது. அணிலுக்குப் பதில் முப்பரிமாண உருவம் ஒன்று. கடற்கரையில் ஆடும், கையசைக்கும். குரல் சென்னையில் பதிவானது. லிங்க் எல்லாம் முன்கூட்டியே செய்தவை: மொத்தம் 24 துண்டுகள், ஒவ்வொன்றும் பத்து வினாடி. நிகழ்ச்சியில் தொலைபேசி அழைப்பு எடுப்பது நின்றது. பிறந்தநாள் பெயர்கள் திரையின் அடியில் எழுத்தாக ஓடின.

அனுசரணையாளர் ஒரு நிபந்தனை வைத்தார். 24இல் நாலு துண்டுகளில் அந்த உருவம் அவர்களுடைய கோப்பையில் பால் குடிக்க வேண்டும். செய்தோம்.

கவனித்தவை

முதல் இரண்டு கிழமை பார்வையாளர் மதிப்பீட்டு அறிக்கை கொஞ்சம் ஏறியது. அலுவலகத்தில் கேக் வெட்டினோம். பிறகு இறங்கத் தொடங்கியது. இந்த அறிக்கையை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. தமிழ்ப் பிள்ளைகள் என்ற சிறிய கூட்டத்துக்குள் ஒரு சில வீடுகள் மாறினாலே கோடு ஏறி இறங்கும்.

நம்பத்தக்க சான்று தொலைபேசி இணைப்பாளரின் கொப்பியில் இருந்தது. வருகிற அழைப்புகளை அவர் தன்பாட்டுக்குக் குறித்து வைத்திருந்தார், யாரும் கேட்டதில்லை. ஜனவரி முழுக்க ஒரே கேள்வி, வேறு வேறு கையெழுத்து போல வேறு வேறு தமிழில்: அணில் எங்க? அணிலுக்குச் சுகமில்லையா? அக்கா ஏன் கோவிச்சுக்கிட்டாங்க? பெப்ரவரி நடுவில் அழைப்புகள் குறைந்தன. கேள்விகள் நின்றதை நாங்கள் முதலில் ‘பழகிவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொண்டோம். அவர்தான் சொன்னார்: “இல்லை தம்பி, பிள்ளைகள் எடுக்கிறதையே விட்டுட்டுதுகள்.”

கடிதங்களும் அப்படித்தான். முன்பு கிழமைக்கு ஒரு பை நிறைய வரும். பெப்ரவரி கடைசியில் விரலில் எண்ணலாம். அதில் ஒன்று கொப்பித் தாளில், பென்சிலில் இருந்தது. பெயர் கீழே ஓடியதாம், வாசிக்கிறதுக்குள்ள போய்விட்டதாம், தம்பிக்கு இன்னும் வாசிக்கத் தெரியாதாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவனுடைய பெயரை எழுத்தில் காட்டியிருக்கிறோம். அறை நிறையப் பெரியவர்கள் இருந்து திட்டமிட்ட ஒன்றில், ஒருவர்கூட இதை யோசிக்கவில்லை.

பால் கோப்பை விஷயத்தில் ஒரு தாய் அழைத்துக் கேட்டார்: “நாலரைக்குத் தொடங்குறது விளம்பரமா, நிகழ்ச்சியா?” அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. பெரியவர்கள் பிரித்துப் பார்க்கிற அந்த எல்லை சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. அமெரிக்காவில் தொடர்பாடல் ஆணைக்குழு 1974லேயே இதை எடுத்துக்கொண்டது. சிறுவர் நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் பிரிக்கிற ஒரு துண்டு போட வேண்டும், நிகழ்ச்சியின் பாத்திரமே பொருளை விற்கக் கூடாது என்றது. கார்ட்டூன் நடுவில் வருகிற ‘பம்பர்’ என்ற அந்தச் சின்னத் துண்டு அங்கே அவ்வளவு பழக்கமானதற்கு அது ஒரு முக்கிய காரணம். விளம்பரத்தைப் பிரிக்க உதவிய வடிவத்தை எடுத்து, விளம்பரத்தை உள்ளே கொண்டுவர நாங்கள் பயன்படுத்தினோம்.

மார்ச் தொடக்கத்தில் நானும் ஒரு சக ஊழியரும் மூன்று வீடுகளில் போய் இருந்து பார்த்தோம். மட்டக்குளித் தொடர்மாடி வீட்டில் தொலைக்காட்சி ஓடியது, இரண்டு பிள்ளைகள் தரையில் கிடந்து படம் கீறினார்கள். நாலரை ஆனது. புதிய துண்டு வந்தது. தலை நிமிரவில்லை. கார்ட்டூன் தொடங்கி ஒரு நிமிடம் போன பிறகே பார்த்தார்கள். தாய் சொன்னார், முன்பு அணில் விசிலடித்தால் குசினியில் இருக்கும் தனக்கே நாலரை என்று தெரியும், பிள்ளைகள் எங்கிருந்தாலும் ஓடிவரும் என்று. அந்த விசிலை நாங்கள் ஒலிப்பதிவுக் கோப்பில் ஒரு பொருளாகக்கூட எழுதி வைத்திருக்கவில்லை. ஒலிப்பதிவாளர் தன் வாயால் அடித்த விசில் அது.

மூன்றாவது வீட்டில் இருந்தபோது மழை இருட்டியது. நல்ல இடி. திரையில் அந்த உருவம் வெயிலில் கடற்கரையில் ஆடிக்கொண்டிருந்தது. தகப்பன் எழும்பி பிளக்கைக் கழட்டினார்.

மார்ச் கூட்டம்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. அப்படியே பழையதுக்குப் போகலாம். புதியதை வைத்துக்கொண்டு ஒரு தொகுப்பாளரைச் சேர்க்கலாம். சிறுவர் நேரத்தையே நிறுத்தி நாடக மறு ஒளிபரப்பு போடலாம். மூன்றாவதை ஒருவர் உண்மையாகவே முன்வைத்தார். கணக்குப்படி அதுதான் லாபம்.

நிகழ்ச்சிப் பணிப்பாளர் கொப்பியை மேசையில் வைத்து, ஜனவரிப் பக்கங்களை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிய மூன்றாவது யோசனை எடுபடவில்லை. முடிவு இப்படி வந்தது. காசு கொடுத்துச் செய்த கிராபிக்ஸும் நிறங்களும் இருக்கட்டும், அவை நன்றாகவே இருந்தன. பழைய தமிழ்ப் பெயர் திரும்ப வரும். அணில் வரும். லிங்க் நேரடியாகப் போகும். பாத்திரம் எந்தப் பொருளையும் தொடாது. அக்கா விடுமுறையில் இருந்ததால் அவர் வரும்வரை ஓர் அண்ணன். பிள்ளைகளை ஏமாற்றாமல், அக்காவுக்குப் பாப்பா பிறந்திருக்கிறது என்று நேராகச் சொல்வது.

கடைசி விஷயத்துக்குத்தான் கூடுதல் நேரம் வாதித்தோம். தனிப்பட்ட விஷயம், சொல்லலாமா? அக்காவையே கேட்டோம். “ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் பிள்ளைகள் காத்திருப்பார்கள்” என்றார்.

அனுசரணையாளர் தலைப்பு அனுசரணையை விட்டார், சாதாரண விளம்பரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தத் தவணை முழுக்கப் பணம் இறுக்கம். கைவேலைத் துண்டைக் கிழமைக்கு இரண்டாகக் குறைத்தோம்.

இரண்டாம் தவணை

சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய திங்கட்கிழமை அணில் திரும்பியது. பழைய பொம்மை கிழிந்திருந்ததால் புதிதாகத் தைத்திருந்தோம். முதல் அழைப்பே அதைப் பற்றித்தான்: வால் வேற மாதிரி இருக்கு. ஒலிப்பதிவாளர் யோசிக்கவே இல்லை. “வருசத்துக்கு ஊருக்குப் போய் முழுகிப்போட்டு வந்திருக்கன் மனே” என்றார். அத்தோடு வால் பிரச்சினை முடிந்தது.

மே கடைசியில் ரமழான் தொடங்கியது. தமிழ்மொழி மூல முஸ்லிம் பாடசாலைகளுக்கு அப்போது விடுமுறை, மற்றப் பாடசாலைகளுக்கு இல்லை. மாலையில் நோன்பு நிகழ்ச்சிகள் இருப்பதால் எங்கள் நேரம் முன்னுக்குத் தள்ளப்படும். பழைய முறையில் இது ஒவ்வொரு வருடமும் சிக்கலில்லாமல் நடந்தது. அணில் ஒரு கிழமை முன்பிருந்தே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும். புதிய தோற்றத்தின் 24 துண்டுகளில் ‘நாளை முதல் நேரம் மாறுகிறது’ என்று சொல்ல ஒரு துண்டு இல்லை. அணில் திரும்பியிராவிட்டால் அந்த மாதம் என்ன செய்திருப்போம் என்று தெரியாது.

கடிதங்கள் மெல்ல ஏறின. பழைய அளவுக்கு வர ஒக்டோபர் ஆனது. சில பிள்ளைகள் வரவே இல்லை. அந்த வயதில் பத்து மாதம் என்பது நீண்ட காலம், அவர்கள் வளர்ந்துவிட்டார்கள்.

அதன் பிறகு

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது அக்கா வீட்டிலிருந்து தொலைபேசியில் லிங்க் செய்தார். அணில் வேறு வீட்டில், வேறு திரையில். இருவரும் சந்திக்க முடியாத அந்த மாதங்களில் வந்த ஓவியங்களில் அணிலுக்கும் முகக்கவசம் இருந்தது. 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. நாலரைக்கு எந்த வலயத்தில் மின்சாரம் இருக்கும் என்பதே அன்றைய அட்டவணையைப் பொறுத்தது. மறுநாள் காலை மறு ஒளிபரப்பு வைத்தோம். ஆனால் நேரம் தவறினால் பழக்கம் தவறும். பிள்ளைகள் தொலைபேசியில் யூடியூப்புக்குப் போய்விட்டார்கள். அமெரிக்காவிலேயே பெரிய வலையமைப்பு ஒன்றின் கடைசிச் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன் தொகுப்பு 2014 செப்டெம்பரில் நின்றுபோனது. எங்களுடையது இப்போது சனி, ஞாயிறு மட்டும், ஒரு மணி நேரம்.

இப்போது செய்வதானால்

மாற்றத்தை எதிர்க்க மாட்டேன். எழுத்துரு, நிறம், இசை எல்லாம் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் கூட்டத்துக்கு முன்பே மூன்று வீடுகளில் போய் உட்கார்ந்திருப்பேன். தொலைபேசி இணைப்பாளரைக் கூட்டத்துக்கு அழைத்திருப்பேன். நாலரைக்கு வருகிற குரல் இந்த நாட்டுத் தமிழில், எந்த ஊர்ச் சாயலானாலும் பரவாயில்லை, அன்றைக்கே கதைக்கிற குரலாக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பேன். அனுசரணைக்கு எல்லை எது என்பதையும் அப்படியே.

எல்லாவற்றையும்விட, சேமித்து வைத்திருப்பேன். லிங்க் நேரடியாகப் போனதால் அதைத் தனியாகப் பதியவில்லை. பதிந்த சிலவற்றின் மேலே வேறு நிகழ்ச்சி பதிந்தோம். கடிதங்கள் அலுவலகம் மாறியபோது எடைக்குப் போய்விட்டன. இந்த ஆய்வை எழுத ஆதாரம் தேடியபோது கிடைத்தது 2014ஆம் ஆண்டின் ஒருநாள் பதிவு மட்டும், பதினெட்டு நிமிடம். அதில் பதினொரு பிறந்தநாள் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. ஏழாவது பெயரை அணில் விட்டுவிடுகிறது. அக்கா நிறுத்தி, தாளைத் திருப்பிக் காட்டி, “இவர் காத்துக்கொண்டு இருப்பார்” என்கிறார். அணில் மன்னிப்புக் கேட்டு அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்கிறது.